ஈரப் பக்கம், மேட்டுப் பக்கம்

வெள்ளைமணல்குப்பம்,
18.2.2024

கண்ணு புவனேஸ்வரிக்கு,

அப்பா சொகமாக வந்து சேர்ந்தேன். தலைச்சோலையில் பனி விட்டதா? உன் முதுகுவலிக்கு மாப்பிள்ளை யுவராஜ் தைலம் வாங்கி வந்தாரா, இல்லை ஜீப்போடு ஜீப்பாக அதையும் மறந்துவிட்டாரா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். காப்பிப் பழத்துக்குத் தோலுரிக்கும் பல்ப்பர் மிஷின் பக்கத்திலேயே சாயங்காலமெல்லாம் நின்று நின்று கெட்டுப்போன காது இது. நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை, நான் பேசுவது ஊருக்கே கேட்கிறது. முந்தாநாள் உன்னிடம் "வயித்துக்கட்டு சரியாயிருச்சு கண்ணு" என்று சொன்னதற்கு, வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் "நல்லதுங்க ஐயா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இனிமேல் எழுதித்தான் அனுப்புவேன்.

எஸ்டேட் முதலாளியின் பங்களா கடலைப் பார்த்து நிற்கிறது. எனக்கு அதில் காவல் வேலை என்று பேர்தான்; களவு போவதற்கு இங்கே நாலு பிரம்பு நாற்காலியைத் தவிர ஒன்றும் இல்லை. ஊரில் மேடு என்று எதுவும் கிடையாது. சமதரையில் நடந்து பழக்கமில்லாமல் கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் சிரிக்காதே.

நேற்றுக் காலை அலையோரம் நடந்தேன். கடலைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் கண் தரையைத்தான் பார்த்தது. உதிரி பொறுக்கிப் பழகிய ஆள் நான். சீசன் முடிந்ததும் செடியடியில் சருகுக்குள் ஒளிந்திருக்கும் ஒற்றைப் பழத்தையும் விடாத கண்ணை இங்கே வந்து என்ன செய்வது? மணலில் ஒன்று கிடைத்தது. இதோடு வைத்திருக்கிறேன். என்னவென்று நீயே கண்டுபிடி.

பழ சீசனுக்கு மலைக்குத் திரும்பிவிடுவேன், அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா
அண்ணாதுரை

*

தலைச்சோலை,
4.3.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம், நீங்கள் அனுப்பிய கவர் வந்த அன்று சாயங்காலம் தவிர. தைலம் வந்தது. (அவர் மறக்கவில்லை, நான்தான் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினேன்.)

உங்கள் கவரை அவர்தான் பிரித்தார். உள்ளே இருந்து கறுப்பாக, முக்கோணமாக, ஓரமெல்லாம் அரம் மாதிரி ஒன்று விழுந்தது. "புவனா, பல்லு! மாமா என்னத்தையோ அடிச்சுப்போட்டாரு!" என்றார். மிருகத்தின் பல்லோ நகமோ வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று இந்த மலையில் யாருக்குத்தான் தெரியாது? போன வருஷம் கரடியூர்ப் பக்கம் ஒருத்தர் பன்றிப் பல்லைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்து, எத்தனை நாள் பாரஸ்ட் ஆபீசுக்கும் ஊட்டுக்குமாக அலைந்தார்!

இவர் பல்லை எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, வாசலில் பாரஸ்டர் வந்து நின்றார். அவர் வந்தது விருந்தாளிகளுக்கு ஜீப் வாடகை கேட்க. உங்கள் மாப்பிள்ளை பல்லை வாயில் போட்டுக்கொண்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். பாரஸ்டர் "ஏனுங்க தம்பி, பல்லு வலிங்களா?" என்று கேட்டார் பாருங்கள், நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

பாரஸ்டர் போனதும் இவர் பல்லைச் சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்துவிட்டார். எந்த மரம் என்று இப்போது அவருக்கே தெரியவில்லை. அது என்ன பல், எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று உடனே எழுதுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகள்
புவனேஸ்வரி

*

வெள்ளைமணல்குப்பம்,
15.3.2024

கண்ணு புவனாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை வாயில் போட்டது சுறா மீனின் பல் என்று பக்குவமாகச் சொல். வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டுச் சொல்.

டீக்கடையில் விசாரித்தேன். சுறாவுக்குப் பல் விழுந்துகொண்டே இருக்குமாம், விழ விழ உள்ளேயிருந்து புதுசு முன்னால் வருமாம். எத்தனை வயதானாலும் அப்படித்தானாம். எனக்குக் கடைவாயில் போனது போனதுதான், சுறாவை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. புதுப் பல் வெள்ளையாக இருக்கும். நீண்ட காலம் மண்ணுக்குள் கிடந்தது கறுத்துப்போகும். உனக்கு வந்தது அந்த மாதிரி. எத்தனை தலைமுறைக்கு முந்தியதோ, மாப்பிள்ளை வாயில் வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த ஊர்க்காரர்கள் பிறந்ததிலிருந்து இங்கே நடக்கிறார்கள், எப்போதோ ஒன்று கிடைக்குமாம். எனக்குத் தினமும் கிடைக்கிறது. இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. சருகுக்குள் பழத்தைத் தேடுகிறவன் பழத்தைத் தேடமாட்டான், சருகு மாதிரி இல்லாததைத் தேடுவான். இங்கே சிப்பி மாதிரி இல்லாததைத் தேடுகிறேன், அவ்வளவுதான். டீக்கடையில் இதைச் சொன்னதும் ஒரே ஆச்சரியம்.

கிடைக்கிற பல்லையெல்லாம் தூக்குப்போசியில் போட்டுவைக்கிறேன். இனிமேல் தபாலில் அனுப்பமாட்டேன், பயப்படாதே. மிளகுக் கொடிக்கு மறக்காமல் கவாத்துப் போடச் சொல்.

அப்பா

*

தலைச்சோலை,
8.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே சுகம், அங்கே வெயில் எப்படி? மாப்பிள்ளை இரண்டு நாள் வாய் கொப்பளித்தார்.

சேர்வராயன் கோயில் திருவிழா அடுத்த மாதம் வருகிறது. அதற்கு வந்துவிட்டுப் போங்கள். உங்கள் அறையில் புதுசாகக் கட்டில் போட்டிருக்கிறது. ஜன்னலுக்குக் கண்ணாடி மாற்றிவிட்டோம். சீசன் வரை காத்திருக்காமல் அப்படியே தங்கிவிட்டாலும் சந்தோஷம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். போன கடிதத்தில் டீக்கடை, டீக்கடை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எப்போதிருந்து டீ குடிக்கிறீர்கள்? கல்யாண வீட்டில் டீ கொடுத்தாலே "காப்பிக்காட்டுல பொறந்தவனுக்கு இது என்னங்க சுடுதண்ணி" என்று தள்ளிவைக்கிற மனுஷனாச்சே!

திருவிழாவுக்கு வருகிற தேதியை எழுதுங்கள். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு ஜீப்பை அனுப்புகிறேன்.

புவனேஸ்வரி

*

வெள்ளைமணல்குப்பம்,
26.4.2024

கண்ணுக்கு,

நான் நல்ல சௌகரியமாக இருக்கிறேன். கெண்டைக்கால் வலி போய்விட்டது. டீயும் குடித்துப் பழகினால் அவ்வளவு மோசமில்லை. இஞ்சி தட்டிப் போட்டால் தொண்டைக்கு நல்லது.

திருவிழாவுக்கு வர முடியும் என்று தோன்றவில்லை. பங்களாவுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறார்கள். வெள்ளையடிக்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. ஜன்னலும் துடைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு வேறு வேலைகளும் இருக்கின்றன.

பல் பொறுக்குவது இப்போது நன்றாகச் சூடுபிடித்துவிட்டது. பெரிய அலை அடித்து வடிந்த மறுநாள் காலையில்தான் நிறையக் கிடைக்கும். ஒருவர் தனியாகப் பார்த்தால் பாதி தப்பிவிடும். அலை வந்து போகிற ஈரத்தில் கொஞ்சம் கிடக்கும், மேலே சிப்பி ஒதுங்கிக் காய்ந்த கோட்டில் கொஞ்சம் கிடக்கும். அதனால் நான் ஈரப் பக்கம், ரூபி மேட்டுப் பக்கம். இப்படியே கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பினால் ஒன்றும் மிச்சமிருக்காது. நேற்று என் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று, நுனி முறியாமல் கிடைத்தது. கண்டதும் இரண்டு பேரும் கூச்சல் போட்டோம்.

நம் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்பி வை சாமி. இங்கே ஒருவருக்கு நல்ல காப்பி எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும்.

அப்பா

*

வெள்ளைமணல்குப்பம்,
2.6.2024

கண்ணு புவனா,

உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? திருவிழா முடிந்திருக்கும். உன்னிடமிருந்து கடிதமும் இல்லை, காப்பித்தூளும் இல்லை. போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். அவர் சொன்னதில் "மழை" என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

போன கடிதத்தில் என்ன எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியது என்னவென்று பிறகுதான் ஞாபகம் வந்தது. பதில் எழுது, கண்ணு. திட்டியாவது எழுது.

அப்பா

*

தலைச்சோலை,
19.6.2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

யுவராஜ் வணக்கத்தோடு எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் நலம். மழையும் நலம்.

புவனா கோபமாக இல்லை, மாமா. கோபமாக இருந்தால் எனக்குத் தெரியும், பாத்திரம் பேசும். இது வேறு. உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள், அந்த "ஈரப் பக்கம், மேட்டுப் பக்கம்" என்ற இடத்தில் நின்றுவிட்டாள். நான் சேலத்துக்காரன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதுல என்ன இருக்குது?" என்று கேட்டேன். "ஒரு நிரைச் செடியை மேல்பக்கம் ஒருத்தரு, கீழ்ப்பக்கம் ஒருத்தருன்னு எடுக்கறது எங்க எஸ்டேட்டுல புருசன் பொண்டாட்டி மட்டுந்தான்" என்று சொன்னாள். அப்புறம் கடிதத்தை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் குப்பாயி அத்தைக்கு எப்படியோ சேதி தெரிந்துவிட்டது. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், நான் ஜீப்பில் வரும்போது கொஞ்சம் பேசியிருக்கலாம். "இந்த வயசுல உங்கப்பனுக்கு இதெல்லாம் எதுக்கு சாமி?" என்று அந்த அத்தை கேட்டது. அன்றிலிருந்து புவனா அத்தைக்குக் கறிவேப்பிலை கொடுப்பதை நிறுத்திவிட்டாள். எனக்கென்னவோ இது நல்ல அறிகுறி என்று தோன்றுகிறது.

கொஞ்சம் பொறுங்கள், மாமா. அந்தப் பல்லைத் தேடி இரண்டு மரத்தடி தோண்டிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

யுவராஜ்

*

தலைச்சோலை,
7.7.2024

அப்பாவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். காப்பித்தூள் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

மேட்டுப் பக்கம் நடப்பது யார்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

புவனேஸ்வரி

*

வெள்ளைமணல்குப்பம்,
16.7.2024

என் கண்ணு புவனாவுக்கு,

நலமாக இருக்கிறேன். தூள் வந்தது. நேராகவே எழுதுகிறேன்.

ரூபி இங்கே டீக்கடை வைத்திருக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். கணவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், மற்ற நாளெல்லாம் கடைதான். சிரித்தால் சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் காதுக்கே கேட்கிறது. உன் அம்மா தனலட்சுமி போனதற்கு அப்புறம் எனக்கு முழுசாகக் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

முதலில் அவர் எங்கோ, நான் எங்கோ என்று தனித்தனியாகத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தோம். இதையும் நிரை பிடித்துப் போகலாம் என்று வாய் தவறி நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ரூபிக்கு நம் ஊர் வழக்கம் தெரியாது. தெரியாத ஒருவரை அப்படி நடக்க வைப்பது சரியில்லை என்று மனசு குத்தியது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, எங்கள் மலையில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிட்டேன். ரூபி பாய்லரை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. போச்சு என்று நினைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனால், எனக்கு முன்னால் வந்து மேட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. அதனால் அதையே எழுதிவிட்டேன்.

ஆனால் உனக்குத் தெரியாமல், உனக்குப் பிடிக்காமல் ஒன்றும் நடக்காது. நீ வேண்டாம் என்றால் சீசனுக்கு நான் தனியாகவே வந்துவிடுவேன், புதுக் கட்டிலில் படுத்துக்கொள்வேன். ரூபியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். "மகள் மனசு நொந்து நீங்க வந்தா எனக்கும் வேணாம்" என்றார். எனக்காக மனசில்லாமல் சரி என்று எழுதாதே, கண்ணு. நான் காத்திருக்கிறேன்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். மூன்று தடவை வாங்கிக் குடித்தார்.

அப்பா

*

தலைச்சோலை,
22.9.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். உங்களுக்குச் சளி ஏதும் பிடிக்கவில்லையே? அங்கே மழை தொடங்கியிருக்கும். தலையைத் துவட்டாமல் படுக்காதீர்கள்.

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அம்மா நின்ற இடத்தில் இன்னொருத்தர் நிற்கிறார் என்று நினைத்தாலே அழுகை வந்தது. நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்களோ என்று பயமும் வந்தது. நான் கண்ணாடி மாற்றிய ஜன்னலுக்குப் பக்கத்தில் யாரும் படுக்கவே போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். சீசனுக்கு யார் யாருக்கு எந்த நிரை என்று கணக்கெழுதுகிற ரைட்டர் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்கப்பா சீசனுக்கு வந்துருவாருங்களா? வழக்கம்போல ஓரத்து அரை நிரைதானுங்களே?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அம்மா போன பிறகு ஒவ்வொரு வருஷமும் உங்களுக்கு அந்த வேலியோரத்து அரை நிரைதான். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாதவருக்குக் கொடுக்கிற நிரை. மற்றவர்கள் செடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று சண்டை போட்டுக்கொண்டும், சிரித்துக்கொண்டும், குழம்புக்கு என்ன வைப்பது என்று கேட்டுக்கொண்டும் போவார்கள். உங்கள் பக்கத்திலிருந்து கூடையில் பழம் விழுகிற சத்தம்தான் வரும். அப்பாவுக்குக் காது போனதால் பேசுவதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச எதிரே ஆள் இல்லை என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். பல் கிடைத்ததும் இரண்டு பேரும் கூச்சல் போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கூச்சல் போட்டு நான் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

குப்பாயி அத்தை நேற்று மறுபடி ஆரம்பித்தது. "அத்தை, எங்கப்பா சந்தோசமா இருக்காரு. எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு நொம்ப லேசாகிவிட்டது. அத்தை உடனே, "அந்தப் பொம்பளைக்கு ராகிக் களி புடிக்குமா?" என்று கேட்டது. இப்போது கறிவேப்பிலை கொடுக்கிறேன்.

சீசனுக்கு வாங்க, அப்பா. அந்தத் தூக்குப்போசியையும் கொண்டு வாங்க. ரைட்டரிடம் சொல்லிவிட்டேன், அண்ணாதுரைக்கு இந்த வருஷம் முழு நிரை என்று.

உங்கள்
புவனா

*

வெள்ளைமணல்குப்பம்,
13.10.2024

அன்பான புவனேஸ்வரிக்கு,

ரூபி எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் உங்கள் அப்பாவும் நலமாக இருக்கிறோம். நீங்களும் யுவராஜ் தம்பியும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மகளே என்று எழுத ஆசை, அதற்கு நீங்கள் இடம் கொடுத்த பிறகு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அப்பா கடைக்கு வந்து படித்தார். மனசுக்குள் படிப்பதாக நினைத்துக்கொண்டுதான் படித்தார், அவர் குரல் உங்களுக்குத் தெரியுமே. டீ குடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் கேட்டார்கள். "முழு நிரை" என்ற இடம் வந்ததும் மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்டார். வலைக்காரர்கள் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். நான் சொன்னேன். அன்றைக்கு எல்லாருக்கும் என் கணக்கில் டீ.

இங்கே மழைக்காலத்தில் கடைக்கு ஆள் வரமாட்டார்கள், அதனால் சீசன் முடியும் வரை மலையில் இருக்கலாம். பிறகு சித்திரைக்கு நீங்கள் இங்கே வர வேண்டும். கடலைப் பார்த்ததே இல்லையாமே! தம்பி புதைத்த பல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாங்கள் வந்து மரம் மரமாகப் பார்த்து எடுத்துவிடுகிறோம்.

ஒரே ஒரு பயம். மலையில் அட்டை கடிக்கும் என்று அப்பா சொல்கிறார். சுறாவை அறுத்திருக்கிறேன், திருக்கை வால் அடி வாங்கியிருக்கிறேன், ஆனால் காலில் ஏறி ரத்தம் குடிக்கிற பிராணியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. உப்பு கொண்டு வரட்டுமா? எங்கள் ஊரில் அதற்குக் குறைவில்லை.

இன்னொன்று. நிரையில் உங்கள் அம்மா எந்தப் பக்கம் எடுப்பார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். மேல்பக்கம் என்றார். அது அவர்கள் பக்கம், அதில் நான் நிற்கமாட்டேன். உங்கள் அப்பா அந்தப் பக்கம் எடுக்கட்டும். அவர் நின்ற கீழ்ப்பக்கத்தில் நான் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

அன்புடன்,
ரூபி